இரண்டு முள்ளா, மூன்று முள்ளா

முதலில் நாங்கள் சந்தேகப்பட்டது அமெரிக்காக்காரனை.

அவன் அனுப்பிய படத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டியில் நாங்கள் கடைந்து அனுப்பிய, ஒன்பது அங்குல நீள மரமீன். பச்சை முதுகு, வெள்ளை வயிறு, வயிற்றின் கீழ் வரிசையாக மூன்று தூண்டில் முட்கள். விலாவில் தலை முதல் வால் வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. மரமீன் மிதக்கும்போது நீர்மட்டம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது பேச்சு. படத்தில் கோட்டைக் காணவில்லை. தண்ணீர் அதைத் தாண்டி முதுகுவரை ஏறியிருந்தது. வால் இன்னும் கீழே தொங்கியது.

"கள்ளப்பய. நம்ம முள்ளக் கழட்டிட்டு கனமா வேற மாட்டியிருக்கான். குத்தம் சொல்லி வெலயக் கொறைக்கப் பாக்கான்" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி என்று நான் சொல்பவர் தாராவியில் மரக் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், கீழே பட்டறையும் மேலே ஏணி வைத்த மாடியுமாக இடம். கீழே அவர் கடைவார், மேலே அவர் மனைவி பெயிண்ட் அடிப்பார். நான் செம்பூரில் இருக்கிறேன். ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டில் கால் ஒன்று உடைந்து அதற்கு ஜோடி தேடிப் போனபோது அவர் பழக்கமானார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய மெயில்களை நான் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். அதற்கு முன் மேடம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழை தேடுவது என் பழைய தொழில். முள்ளின் வளைவு, தண்டின் நீளம், மரத்தோடு கோக்கும் வளையம் எல்லாம் நாங்கள் அனுப்பியவைதான். நடு முள்ளின் ஒரு முனையில் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. அது இந்த மாடியில் ஒட்டியது.

"முள்ளு நம்மளுதுதான் அண்ணாச்சி."

"அப்ப தண்ணில என்னத்தையோ செஞ்சிருக்கான்."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்த அறையில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்த பேச்சு அதுதான். ஊர்தான் மாறிப்போயிற்று.

அந்த மரமீன் மஸ்கி பிடிப்பதற்கான இரை. மஸ்கி என்பது அமெரிக்காவின் வடக்கு ஏரிகளில் இருக்கும் மீன். ஒரு சிறுபிள்ளையின் உயரத்துக்கு வளரும், நாய்போலப் பல் இருக்கும். நீரின் மேல் வாத்துக்குஞ்சோ எலியோ நீந்தினால் கீழிருந்து வந்து அடிக்கும். அதனால் அதைப் பிடிக்கச் சிலர் நீர்மேல் ஓடும் மர இரையைப் பயன்படுத்துகிறார்கள். தூண்டில் நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுக்க, இரை இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டு வரும். மீன் அகப்பட்டால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஏரியில் விட்டுவிடுவார்கள்.

"திரும்ப விடுததுக்கு எதுக்குப் பிடிக்கான்? எனக்கு அதுலயே டவுட்டு" என்று அண்ணாச்சி முதல் நாளே கேட்டார். எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததில்லை. மாட்டுங்காவில் நான் வளர்ந்த கட்டடத்தில் முட்டை வாங்கினாலே காகிதத்தில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துத்தான் மாடி ஏறுவார்கள்.

அமெரிக்காக்காரன் அங்கே ஓர் ஏரிக்கரை ஊரில் தூண்டில் கடை வைத்திருக்கிறான். வரைபடம் அவனுடையது. முள் விஷயத்தை மட்டும் எங்களிடம் விட்டிருந்தான். அந்த மெயில் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஒவ்வொரு முள்ளும் மூன்று முனை கொண்டது. முள் பெரிதானால் கனம். இரை அமிழ்ந்து தலையாட்டாது. சிறிதானால் முனை மரத்தின் அகலத்தைத் தாண்டி வெளியே நிற்காது. மீனின் எலும்பு வாயில் ஏறாது. எண்ணிக்கை கூடினால் முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மீனை விடுவிக்கும்போது அதன் கண்ணைக் கிழிக்கும். குறைந்தால் அடித்த மீன் தப்பும். மூன்று முள் தாங்கினால் மூன்று, இல்லையென்றால் இரண்டு பெரியது. உங்கள் மரம் எதைத் தாங்கும் என்று தண்ணீரில் போட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் பார்த்தோம். மூன்று முள், நாலு ஜீரோ அளவு. முள் கணக்கில் ஜீரோவுக்கு முன்னால் நிற்கும் எண் ஏற ஏற முள் பெரிதாகும். ரெண்டு ஜீரோ சின்னது, அஞ்சு ஜீரோ பெரியது. நாலு ஜீரோ மூன்று மாட்டிப் போட்டபோது நீர்மட்டம் கறுப்புக் கோட்டில் கோடு கிழித்ததுபோல நின்றது. நானே கண்ணால் பார்த்தேன். மெயிலில் அப்படியே எழுதினேன்.

இப்போது அவன் எழுதியிருந்தது இது: இன்னொரு மாதிரி அனுப்புங்கள். அதுவும் இப்படி அமிழ்ந்தால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சிக்கு அது வெறும் ஒரு ஆர்டர் போகும் விஷயம் இல்லை. அதுவரை அவர் சப்பாத்திக் கட்டையும் மேசைக்காலும் கடைந்து காட்கோபரில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக்காரருக்குக் கொடுத்துவந்தார். வெளிநாட்டுக்காரன் யார், எந்த ஊர் என்பதை அந்த ஆள் ஒரு நாளும் சொன்னதில்லை. மஸ்கி ஆர்டர்தான் அண்ணாச்சிக்கு நேரடியாக வந்த முதல் வேலை. அதை நம்பி ஏற்றுமதிக்காரரிடம் "இனிமே உங்க ஆர்டர் எடுக்க மாட்டேன் சேட்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இது தவறினால் அதே படியில் மறுபடி ஏற வேண்டும்.

அடுத்த சந்தேகம் முள் விற்ற கடைமேல். தெற்கு மும்பையில் பாய்தோனிக் கடைத்தெருவில் வாங்கியது. பெட்டியில் போட்ட கம்பிக் கனம் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று கலந்து கொடுத்திருப்பான் என்றார் அண்ணாச்சி. அவரிடம் மிஞ்சியிருந்த முட்களை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் போனேன். அவர் தங்கம் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் ஒரே எடை. "இது என்ன டிசைன் மாமி, கம்மலா?" என்று கேட்டார்.

கடைக்காரனும் தப்பித்தான். மிச்சம் இருந்தது மரம். அண்ணாச்சி வாங்குவது கப்பல் சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பைன் மரம். ஒரு பெட்டிப் பலகை காய்ந்து லேசாக இருக்கும், இன்னொன்று ஈரம் குடித்துக் கனக்கும். நல்ல மரத்தில் கடைந்ததை என் கண் முன் மிதக்கவிட்டு, பெட்டியில் கண்டதை அடைத்து அனுப்பியிருந்தால்? அண்ணாச்சியிடம் நான் இதைச் சொல்லவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது, "படம் எடுக்கணும், ஒன்று கொடுங்க" என்றேன். அவர் புதிதாகக் கடைந்த ஒன்றில் மூன்று நாலு ஜீரோ மாட்டி, வெளியே கொண்டுபோனார். பட்டறைக்கு எதிரே பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகை. உத்தரப்பிரதேசத்து ஆள் ஒருவர் நடத்துகிறார், சந்தில் எல்லாருக்கும் அவர் பாய். உடைந்த டி.வி. உறை, பொம்மை, பேனாக்கூடு எல்லாம் சில்லுச்சில்லாக அங்கே வரும். அவற்றை அவர் ஒரு நீலப் பீப்பாயில் கொட்டிக் கலக்குவார். சில மிதக்கும், சில அடியில் போகும். அதை வைத்து ஜாதி பிரிப்பார். சந்தில் இருப்பதிலேயே பெரிய பீப்பாய் அது. எங்கள் சோதனை எல்லாம் அதில்தான். வீட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும் தண்ணீரை யாரும் மரக்கட்டை மிதக்கவிடச் செலவழிக்க மாட்டார்கள்.

மரமீன் பீப்பாயில் மிதந்தது. நீர்மட்டம் கோட்டில் நின்றது. அண்ணாச்சி அதை எடுத்து, "தொடச்சித் தாரேன்" என்று உள்ளே போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. கையில் நியூஸ் பேப்பர் பொட்டலம்.

வீட்டுக்கு வந்து பாத்ரூம் வாளியில் தண்ணீர் பிடித்துப் போட்டேன். கோடு முங்கியது. வால் தொங்கியது. அமெரிக்காக்காரனின் படம் அப்படியே என் வாளியில் இருந்தது.

பத்து நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

மறுநாள் மறுபடி போனேன். பெஞ்சில் கிடந்தவற்றில் ஒன்றை எடுத்து, அண்ணாச்சி திரும்பியிருந்தபோது, தூண்டில் நரம்பு கட்டும் மூக்கு வளையத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். "இதைப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன். அது பீப்பாயில் கோட்டில் நின்றது. அவர் உள்ளே கொண்டுபோனார். பொட்டலம் வந்தது. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"என்னக்கா, போலீஸ் மாதிரிப் பாக்கீங்க?"

"ஒன்றுமில்லை. உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்றீங்க?"

"தொடைக்கத் துணி தேடுதேன். அவ எல்லாத் துணியையும் மாடிக்கு எடுத்துட்டுப் போயிருதா."

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். பென்சில் புள்ளி இருந்தது. அதே மரம், அதே முள். வாளியில் போட்டேன். முங்கியது.

நாற்காலியை இழுத்துப்போட்டு வாளியின் முன் உட்கார்ந்தேன். தாராவியில் மிதக்கும் கட்டை செம்பூரில் மூழ்குகிறது. இப்படி ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்திருந்தால் நிருபரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். முதல் நாள் கொண்டுவந்த மரமீன் குளியலறைத் திண்டில் கிடந்தது. ஒரே நாளில் அதன் முட்களில் செம்புள்ளியாகத் துரு. அதைச் சுற்றியிருந்த பேப்பரின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ பொடி. பெயிண்ட் உதிர்ந்ததோ என்று பார்த்தால், அந்தப் பக்கம் மரமீன் பச்சை.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் மீனுக்கான இரையைச் சுவை பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உப்பு.

காலையில் முதல் வேலையாகப் போய் அந்தப் பேப்பரை அண்ணாச்சியின் முன் விரித்து, உப்பு என்றேன். அவர் தொடவில்லை. ஏணியின் மேலிருந்து அவர் மனைவிதான் எட்டிப் பார்த்தார்.

"பீப்பாய்த் தண்ணி உப்புத்தாங்க்கா. பாய் மூட மூடயாக் கொட்டுதாருல்லா. கையில வெடிப்போட தொட்டா உசுரு போகும்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"சந்துல எல்லாருக்குந்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அவர். "ஆனா நெனைக்கல."

எதிர்க்கொட்டகைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு வந்து நின்றார். ஏதோ குற்றம் சுமத்தப் போகிறோம் என்று அவருக்கும் சந்தேகம். உப்புப் போடாவிட்டால் மிதக்க வேண்டிய சில்லும் அடியில் போய்விடும், சரக்கு எப்படிப் பிரியும் என்று இந்தியில் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. உப்பு கரைந்த தண்ணீர் கனம். தன்மேல் கிடப்பதைக் கூடுதலாகத் தூக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு முள்ளின் எடையை அந்தப் பீப்பாய் எங்களுக்காகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அமெரிக்காக்காரனின் ஏரி நன்னீர் ஏரி. அது சுமக்கவில்லை.

இனி நல்ல தண்ணீரில் பார்க்க வேண்டும். அண்ணாச்சி தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"குடிக்கத் தண்ணில மீன் முள்ளப் போடவா? நல்லாருக்கே நாயம்" என்றார் அவர். பிறகு இறங்கி வந்து, அன்று காலை பிடித்திருந்த இரண்டு டிரம்மில் சின்னதைக் காட்டினார். "இதுல செய்யுங்க. துணி தொவைக்க வச்சுக்கிடுதேன். பெயிண்ட் ஈரமா இருக்கத எவனாச்சும் போட்டான்னா இருக்கு."

நாலு ஜீரோ மூன்று: கோடு முங்கியது. அதை எதிர்பார்த்தோம். ரெண்டு ஜீரோ மூன்று: கோடு சரியாக நின்றது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். மூன்று முள் இருந்தால் கடையில் பார்ப்பவனுக்கு நிறைவாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். நான் ஒரு அடிக்கோலை மரமீனின் விலாவில் நிறுத்திவைத்தேன். வயிற்றின் கீழ் தொங்கிய முள்ளின் முனை கோலைத் தொடவே இல்லை. மரத்தின் அகலத்துக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. மீன் கடித்தால் மரத்தைத்தான் கடிக்கும்.

"இது நகைக்கடைக்காரர் சொன்ன மாதிரி கம்மல்தான்" என்றேன்.

நாலு ஜீரோ இரண்டு: கோடு நீருக்கு மேலே தூக்கி நின்றது. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அஞ்சு ஜீரோ இரண்டு மாட்டினார், ஒன்று நெஞ்சுக்குக் கீழே, ஒன்று வாலுக்குச் சற்று முன்னால். மரமீன் ஒரு தடவை ஆடி நின்றது. நீர் கோட்டுக்கு வந்தது. முனைகள் இரண்டு பக்கமும் விலாவைத் தாண்டி நின்றன. அண்ணாச்சி அதை எடுத்து இரண்டு முட்களையும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளினார். நடுவில் ஒரு விரல் இடைவெளி. பின்னிக்கொள்ளாது.

"ரெண்டுதான்" என்றார். ஆள் இறந்த சேதி சொல்வதுபோல இருந்தது.

மெயில் எழுத உட்கார்ந்தபோது அடுத்த தகராறு.

"உப்புன்னு எழுதாதீங்க. மரம் ஈரமா இருந்துச்சுன்னு எழுதுங்க."

"மரம் என்று எழுதினால் மரத்தை மாற்றச் சொல்வான். வேறு மரத்துக்கு எங்கே போவீங்க?"

"உப்புத் தண்ணில சோதிச்சான்னு தெரிஞ்சா கிறுக்கன்னு நெனைப்பாம்லா."

"கிறுக்கன் என்று நினைத்தால் பரவாயில்லை. கள்ளன் என்று நினைக்கக்கூடாது."

நான் நடந்ததை நடந்தபடி ஏழு வரியில் எழுதி, அனுப்புவதற்கு அவருடைய போனைக் கேட்டு வாங்கினேன். போனைத் திறந்தால் மொழிபெயர்க்கும் பக்கம். நான் முதல் மாதம் எழுதிய மெயில் ஒன்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே போன் கொடுத்த தமிழ்: 'நாங்கள் மூன்று கொக்கிகளால் மகிழ்ச்சி தொங்குகிறோம்.' விரலால் தள்ளினேன். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது. நான் எழுதிய ஒவ்வொரு மெயிலும் அதில் இருந்தது.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. சேட்டு இப்படித்தான் ஒரு லெட்டரையும் காட்ட மாட்டாரு. நீங்க எவனுக்காச்சும் டிசைனச் சொல்லிட்டா என்ன செய்யன்னு..."

பென்சில் புள்ளி வைத்த மரமீன் என் பைக்குள் இருந்தது. எடுத்து அவரிடம் கொடுத்து மூக்கு வளையத்தின் கீழே காட்டினேன். அவர் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

"சரி, அனுப்புங்க" என்றார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டு முள், அஞ்சு ஜீரோ வைத்து மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தான். கூடவே ஒரு வீடியோவும் கேட்டிருந்தான்: மிதக்கவிடும் அந்தத் தண்ணீரை யாராவது ஒரு தம்ளர் குடித்துக் காட்ட வேண்டும், பிறகு இரையைப் போட வேண்டும், நடுவில் கேமரா நிற்கக்கூடாது. அது கிண்டலா, நிஜமா என்று இருபது தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. நிஜம் என்றே எடுத்துக்கொண்டோம்.

குழாய்த் தண்ணீர் வந்த கையோடு டிரம்மை நிரப்பினார்கள். நான் போனைப் பிடித்தேன். அண்ணாச்சியின் மனைவி தம்ளரால் கோரி, கேமராவைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்தார். எதிர்க்கொட்டகைக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"இவ எம் வீட்டுக்காரி. நடிக்கான்னு சொல்லிட்டாம்னா?" என்றார் அண்ணாச்சி. "நீங்களும் ஒரு வாய் குடிங்கக்கா."

போன் அவர் கைக்கு மாறியது. நானும் குடித்தேன். டிரம்மின் பிளாஸ்டிக் வாசமும் குளோரினும். உப்பு இல்லை. பிறகு மரமீன் இறங்கியது. ஆடியது. கோட்டில் நின்றது.

மாதிரி போய்ச் சேர்ந்து அவன் ஏரியில் இழுத்துப் பார்த்து எழுத மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் காட்கோபர் ஏற்றுமதிக்காரர் இரண்டு தடவை போன் செய்து நலம் விசாரித்தார். தன் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணாச்சி சந்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பதில் ஒரு வரி. பட்டறையில் வைத்தே படித்துச் சொன்னேன்: "இரண்டு முள். சரியாக ஆடுகிறது. ஆரம்பியுங்கள்."

அண்ணாச்சி தலையசைத்தார். என்னிடமிருந்து போனை வாங்கி, இந்த முறை மறைக்காமல், என் எதிரிலேயே அந்த வரியை மொழிபெயர்க்கும் பக்கத்தில் போட்டார். போன் பெண் குரலில் தமிழ் சொன்னது: இரண்டு கொக்கிகள். சரியான நடனம். தொடங்கு.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். கடைசல் எந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டார்.